ராத்திரி தாத்தா பக்கத்தில் யார் படுப்பது?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு பெரியவருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்துவிட்டால், அவருக்கு மாத்திரை கொடுப்பதோடு எங்கள் வேலை முடியாது. கூட இருக்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். வீட்டில் யார் யார் என்று கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுவார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடலாம்தான். ஆனால் கல்யாணமான மகள் அடுத்த சந்தில் இருப்பாள். அவள் வேலைக்குப் போவதால் மூன்று வயதுப் பிள்ளை பகலெல்லாம் தாத்தா மடியில், பல நாள் ராத்திரியும் அங்கேயே. அந்தப் பெயர் இந்தக் கார்டில் இருக்காது. அதனால் கார்டை ஓரமாக வைத்துவிட்டு, "ராத்திரி தாத்தா பக்கத்துல யாரு படுப்பாங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

விவரம் தெரிந்ததும் வீட்டில் முதல் பேச்சு, "பெரியவரை ஆஸ்பத்திரியில சேர்த்துடலாமா?" என்பதாக இருக்கும். இதற்குப் பதில் இதே ஊரில் கிடைத்தது. 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியம் என்னும் டிபி ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தாத்தாவை விரட்டி என்ன பயன்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

வந்தால் இருமல், காய்ச்சல் விசாரிப்போம், எடை பார்ப்போம். அங்கன்வாடி அட்டையில் எடை ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். சின்னப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுத்து, விடியற்காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள். அம்மாக்கள் அழுதுவிடுவார்கள்.

நோய் இல்லை என்று உறுதியானால்தான் எனக்கு உண்மையான வேலை தொடங்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிபி வராமல் தடுக்க, எடைக்கேற்ப ஐசோனியாசிட் மாத்திரை தினமும், ஆறு மாதம்.

"கொயந்த நல்லா ஓடியாடிக்கினு கீது. இன்னாத்துக்குக்கா மாத்திர? பொறந்தப்பவே ஊசி போட்டாச்சே!" என்று தோள் தழும்பைக் காட்டினாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. அந்த பிசிஜி ஊசி, டிபி மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து நிறையக் காப்பாற்றும், ஆனால் முழுசாகத் தடுக்காது. இந்த வயதில் உள்ளே போன கிருமி நோயாக மாறுவதென்றால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாறிவிடும். இதைச் சொன்னபோது அவள் பேசவில்லை. மாமியார்தான், "குடுத்துரு, போவட்டும்" என்றார். இந்த ஏரியாவில் மாமியார் தலையசைத்தால் பாதி வேலை முடிந்தது.

வாந்தி, கண் மஞ்சள் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லி அனுப்புவோம். அப்படி வருபவர்கள் குறைவு. ஊருக்குப் போய் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மே மாதம் லீவு விட்டதும் பிள்ளைகள் பாட்டி ஊருக்குக் கிளம்பிவிடும், மாத்திரை இங்கேயே ஷெல்ஃபில் கிடக்கும். இப்போதெல்லாம் ஏப்ரலிலேயே, "லீவுக்கு எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டு, போகிற நாளுக்கும் சேர்த்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.