டர்பன் வெக்கையிலும் சத்தமில்லாத கம்ப்யூட்டர்: ஃபேன் வாங்கும் முன்

"சத்தம் வராத ஃபேன் எது?" என்று கடையில் கேட்டால், அட்டைப்பெட்டியைத் திருப்பி டெசிபல் எண்ணைக் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஃபேனை அமைதியான அறையில் தனியாக, முன்னும் பின்னும் தடையே இல்லாமல் ஓடவிட்டு எடுத்த அளவு அது. கம்பெனிக்குக் கம்பெனி அளக்கும் முறையும் வேறு. உங்கள் கேஸில் (கம்ப்யூட்டர் பெட்டியில்) ஃபேனுக்கு முன்னால் வலை, தூசி ஃபில்டர், ஒருவேளை தண்ணீர் கூலரின் ரேடியேட்டரும் இருக்கும். அங்கே அந்த எண் செல்லாது.

பார்க்க வேண்டியது சுற்று வேகத்தை. வேகம் குறைந்தால் காற்று அதே விகிதத்தில்தான் குறையும், சத்தமோ மளமளவென்று இறங்கும். 1500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1500 சுற்று) ஓடும் ஃபேனை 1000-க்கு இறக்கினால் காற்று மூன்றில் ஒரு பங்கு போகும், சத்தம் 9 டெசிபல் அளவுக்குக் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். இன்னொரு பக்கம், ஒரே மாதிரி ஃபேன் ஒன்றுக்கு இரண்டாக ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் 1500-இல் அலறும் ஒற்றை ஃபேனைவிட 700-இல் ஓடும் மூன்று ஃபேன்கள் மிகவும் அமைதியானவை. தடை அதிகமில்லாத கேஸில் காற்றும் கூடுதலாகவே தரும். "ஃபேன் கூடினால் சத்தம் கூடும்" என்று ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் இறங்கும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு என்று இருக்கும் கேஸில் 700 ஆர்.பி.எம். ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், காற்று உள்ளே வராது. அந்தக் கேஸுக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஃபேன் போட்டாலும் அமைதி கிடைக்காது. முதலில் முன்பக்கம் வலை உள்ள கேஸ், பிறகுதான் ஃபேன். உறிஞ்சும் பக்கம் இறக்கையை ஒட்டித் தகரக் கம்பிகள் இருந்தால் "உய்ங்" என்று ஒரு ஒலி எழும். சில மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்தாலே அது பெருமளவு அடங்கும்.

இடம் இருந்தால் 140 மி.மீ. வாங்குங்கள். 120-ஐவிடப் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம், அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தரும். திருகு துளைகளின் இடைவெளி 120-க்கு 105 மி.மீ., 140-க்கு 124.5 மி.மீ. கேஸில் இரண்டுக்கும் துளை இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துவிட வேண்டும்.

காசை எங்கே கொட்டுவது? கேஸ் ஃபேனுக்கு ஆர்க்டிக் பி12 போன்ற மலிவான ரகம் தாராளமாகப் போதும். அதன் பி.டபிள்யூ.எம். ரகம் (மதர்போர்டு அனுப்பும் சிக்னலால் வேகம் மாறும் நான்கு பின் ரகம்) 200 முதல் 1800 ஆர்.பி.எம். வரை ஓடும். இவ்வளவு கீழே இறங்கும் ஃபேன்தான் இரவில் பயன்படும். அதிகபட்ச வேகத்தைப் பார்ப்பவர்கள் குறைந்தபட்ச வேகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். நோக்டுவா என்.எஃப்-ஏ12x25 போன்றதில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான், எனவே தடையை எதிர்த்துத் தள்ளும். அதைப் பிராசஸர் கூலரிலோ ரேடியேட்டரிலோ மாட்டினால் கொடுத்த ராண்டுக்கு மதிப்பு. வெறும் வலைக்குப் பின்னால் மாட்டுவது வீண் ஆடம்பரம்.

இறக்கையின் அச்சைத் தாங்கும் பேரிங் எந்த வகை என்றும் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஸ்லீவ் பேரிங் ஃபேனைக் கேஸின் கூரையில் படுக்கை வசமாக மாட்டினால் சீக்கிரம் எண்ணெய் வற்றிக் கரகரக்கும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் எந்த வாட்டத்திலும் ஓடும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், ஆனால் குறைந்த வேகத்தில் மெல்லிய டிக்டிக் ஒலி காதுக்கு எட்டும்.

புது ஃபேன் மாட்டியதும் முழு வேகத்தில் அலறுகிறதா? பெரும்பாலும் பழுது ஃபேனில் இல்லை. மூன்று பின் ஃபேனைப் பி.டபிள்யூ.எம். என்று அமைத்த ஹெடரில் (மதர்போர்டில் ஃபேன் வயர் செருகும் இடத்தில்) மாட்டினால் அதற்கு எப்போதும் 12 வோல்ட் போகும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த ஹெடரை டி.சி. (வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறை) என்று மாற்றினால் அடங்கிவிடும். ஒரே ஹெடரில் பல ஃபேன் மாட்டும் ஸ்ப்ளிட்டர் போடுவதானால், பொதுவாக ஒரு ஹெடர் தாங்குவது 1 ஆம்பியர். ஒவ்வொரு ஃபேனின் ஸ்டிக்கரிலும் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். மிஞ்சினால் பவர் சப்ளையிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் ஹப் வேண்டும்.

அடுத்தது ஃபேன் கர்வ், அதாவது எத்தனை டிகிரி சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு. 20 டிகிரி அறையில் இருப்பவர் யூடியூபில் காட்டும் கர்வை அப்படியே எடுத்துப் போட்டால், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிப்ரவரி மாத மத்தியானம் ஃபேன் ஓயவே ஓயாது. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைச் சூட்டுக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. அறை 30 டிகிரி என்றால் கர்வ் முழுவதையும் பத்து டிகிரி வலப்பக்கம் நகர்த்துங்கள். பிராசஸர் 80-இல் ஓடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களில் எக்ஸ் ரகங்கள் 95 வரை போகும்படியே செய்யப்பட்டவை. 105 வாட் என்று குறித்த ரகத்தை எகோ மோடில் (மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பில்) 65 வாட் ரகமாக இறக்கினால், அது இழுக்கும் உச்ச மின்சாரம் 142 வாட்டிலிருந்து 88 ஆகும். வேகத்தில் இழப்பு சொற்பம், சத்தத்தில் லாபம் பெரிது. காசே செலவில்லாத வழி இதுதான்.

பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் சீறி அடங்குவது எரிச்சலின் உச்சம். பிராசஸர் சூடு ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும், ஃபேன் அதைத் துரத்திக்கொண்டிருக்கும். பயாஸில் "ஸ்டெப் அப்" நேரத்தை (ஃபேன் வேகம் ஏறுவதற்கான தாமதத்தை) சில நொடிகள் கூட்டுங்கள். கேம் விளையாடுபவர்கள் கேஸ் ஃபேனைக் கிராபிக்ஸ் கார்டின் சூட்டுக்கு ஏற்ப ஓடும்படி அமைப்பது நல்லது. பிறகு 500-இலிருந்து 1500 வரை நூறு நூறாக ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஏதாவது ஒரு வேகத்தில் கேஸ் தகரமே சேர்ந்து ரீங்கரிக்கும். கர்வ் அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகட்டும். திருகுக்குப் பதில் ரப்பர் பின் போட்டாலும் குறையும். கேமின் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு ஏற்பக் கீச்சுக் குரல் மாறினால் அது கிராபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச் சுருளின் (coil) ஒலி, ஃபேன் மாற்றித் தீராது.

ஜோகன்னஸ்பர்க் சொந்தக்காரருக்குக் கம்ப்யூட்டர் கட்டித் தருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 1750 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் 800-இல் நடந்த வேலைக்கு அங்கே 950 வரை தேவைப்படலாம். அறை குளுமையாக இருப்பது கொஞ்சம் ஈடுகட்டும்.

நமக்கோ ஈரமும் உப்புக்காற்றும். டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கம் அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டம் கொளுத்தினால் கரித்தூள் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். அந்த மாதங்களில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வெளியேற்றும் ஃபேனைவிட உள்ளிழுக்கும் ஃபேன் சற்று அதிகமாக ஓடினால், இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது. சாமி அறைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகை இறக்கையில் பிசுபிசுவென்று படியும், அதில் ஒட்டும் தூசி ஊதினால் போகாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் கெடும், அப்புறம் அந்தக் கரகரப்பு எந்தக் கர்வுக்கும் அடங்காது.