நாண் படும் இடம்

ஜூலை 9

முகத்தின் வலது பக்கம் வாதத்தில் சரிந்திருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை. பகலெல்லாம் வலது கண்ணில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு மேலே டேப். வில் பையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா அந்தப் பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

ஜூலை 11

விசில் வரவில்லை.

ஜூலை 13

பரணில் இருப்பது வில்தானே. வில்லுக்குப் பதிலாக இழுத்துப் பழகும் ரப்பர் பேண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இழுத்தேன். ஆள்காட்டி விரல் தாடை எலும்புக்கு அடியில் வந்து சேர்ந்தது, நாண் முகவாயில் பட்டது, மூக்கு நுனியிலும் பட்டது. எல்லாம் முன்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உதடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. வலது ஓரம் இறங்கிக் கிடக்கிறது, அழுத்தி மூடினாலும் ஒரு இடுக்கு விடுகிறது. கிஸ்ஸர், அதாவது உதட்டில் படும்படி நாணில் மாட்டிய வட்டு, வந்து உட்காரும் இடமே அதுதான்.

அம்பு நாணில் மாட்டும் இடத்திலிருந்து வில்லில் அது சாயும் இடம் வரைக்கும் சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 70 மீட்டரில். அதாவது நூறு மடங்கு. முகத்தில் நாண் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ, இலக்கில் 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 12.2 சென்டிமீட்டர்தான். நடுவில் விழ வேண்டிய அம்பு ஒன்பதுக்குப் போய்விடும்.

என் உதடு இறங்கியிருப்பது ஒரு மில்லிமீட்டரா?

ஜூலை 15

அப்பாயி நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தாள். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரம் எதையும் நினைக்கவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்தாயிற்று. மேல்காற்று கதவை அறைகிறது. "ஆடிக் காத்துல கண்ணு மூடாத புள்ள வெளில போவலாமாடி" என்று அப்பாயி. "போவட்டும், கண்ணாடி போட்டுக்கிட்டுப் போவட்டும்" என்று அப்பா. அம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தம்பிதான் பரணில் ஏறிப் பையை எடுத்துக் கொடுத்தான்.

ஜூலை 18

மைதானம். குடமுருட்டிக் கரை மூங்கில் புதர் காற்றில் படுத்து எழுகிறது. அந்தப் பக்கம் குறுவை, பச்சை. பயிற்சி கொடுக்கும் சார் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. "வாம்மா, கிட்டக்க நில்லு, கண்ணை மூடிக்கிட்டு விடு" என்றார். இலக்குத் தாள் இல்லாத வெறும் தட்டி, மூன்று நாலு மீட்டர் தூரம். கண்ணை மூடு என்றால் எனக்கு ஒரு கண் மூடுவதில்லை. கைக்குட்டை கட்டிக்கொண்டேன்.

கண்ணைக் கட்டியபின் முகத்துக்கு எல்லாம் தெரிகிறது. தாடை எலும்பு உடனே சொல்லிவிடுகிறது. மூக்கும் சொல்கிறது. கிஸ்ஸர் எங்கே உட்கார்ந்தது என்று உதடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றைச் சொல்கிறது.

ஜூலை 20

தூக்கம் இல்லை. மாத்திரையால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிடக்கும்போது இதே யோசனை.

கிஸ்ஸரைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இறங்கின உதட்டுக்கு இறங்கின கிஸ்ஸர். ஆனால் உதடு இப்படியே இருக்கப் போவதில்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மேலே வரும் என்கிறார் டாக்டர். அப்படியென்றால் இன்றைக்குக் கட்டின இடம் தேர்வுப் போட்டி நடக்கும் ஆகஸ்ட் கடைசியில் பொய்யாகிவிடும். நல்லபடியாகக் குணமானால் ஆங்கர், நாண் முகத்தில் வந்து நிற்கும் இடம், கெட்டுப்போகும். இதை யாரிடம் சொல்வது?

மூக்கு நுனியில் படும்படி நாணில் வைக்கும் மூக்குப் பட்டனுக்கு மாறினால் கிஸ்ஸரைக் கழற்றியாக வேண்டும். நான் விடும் ரீகர்வ் வில் பிரிவில் நாணில் உதட்டுக்கோ மூக்குக்கோ ஒரே ஒரு அடையாளம்தான் வைக்கலாம், இரண்டும் வைக்க விதியில் இடமில்லை. குறி பார்க்கும் கருவி இல்லாத பேர்போ வில் பிரிவில் அந்த ஒன்றுகூடக் கிடையாது. வில்லைத் தொட்ட நாளிலிருந்து என் உதட்டுக்கு அந்தச் சின்னப் பிளாஸ்டிக் வட்டு பழக்கம். அது வந்து பட்டால்தான் மனசு அடங்கும், அப்புறம்தான் தோள் வேலை செய்யும்.

ஜூலை 22

இமை பாதி மூடியது.

ஜூலை 24

காம்பவுண்ட், அதாவது கப்பி வைத்த வில், விடும் அண்ணன் தன் வில்லைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நாணின் இழைகளைப் பிரித்து நடுவில் வைத்த பீப் துளை வழியாகப் பார்த்தால் வில்லில் பொருத்திய குறி பார்க்கும் கருவியான சைட்டின் வளையம் துளைக்குள் அழகாக உட்காருகிறது. வட்டத்துக்குள் வட்டம். உதடு எப்படி இருந்தால் என்ன, கண் துளைக்கு நேராக வந்தால் போதும். துளை சின்னதானால் குறி கூர்மையாகும், வெளிச்சம் குறையும். பெரிதானால் மாலையிலும் தெரியும், ஆனால் கண் துளைக்குள் அலையும். நாண் முறுக்கிக்கொண்டால் பீப்பும் திரும்பிக்கொள்ளும் என்று முறுக்கிக் காட்டினார்.

"2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல காம்பவுண்ட் கலப்பு அணி உண்டு, மாறிக்கோம்மா" என்றார். மனசு ஒரு நிமிஷம் ஆடியது. ஆனால் காற்றில் வலது கண் நிறைந்து வழிந்ததும் துளைக்குள் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. பீப் முழுக்கக் கண்ணை நம்புகிற கருவி. என் கண் இப்போது நம்பும்படி இல்லை. ரீகர்வில் பீப் வைக்க அனுமதியும் இல்லை.

எனக்கு எலும்பை நம்புகிற ஒன்று வேண்டும்.

ஜூலை 25

கைகள் இல்லாத வில்வித்தை வீராங்கனை ஷீத்தல் தேவியின் வீடியோ. காலால் வில்லைப் பிடிக்கிறார், தோளால் இழுக்கிறார், தாடையின் பலத்தால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு கலப்பு அணியில் வெண்கலம். அவருடைய தாடையை மட்டும் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன்.

ஜூலை 27

கிஸ்ஸரைக் கழற்றினேன்.

சார் பக்கவாட்டில் நின்றார். கைக்குட்டையோடு இழுத்துத் தாடைக்கு வந்து நின்றேன். மூக்கு நுனி படும் இடத்தில் அவர் பேனாவால் நாணில் ஒரு புள்ளி வைத்தார். இறக்கினேன். மறுபடி இழுத்தேன். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் வரைக்கும் விடவில்லை. "பட்டனைத் தேடிக்கிட்டு மூக்கு போவக் கூடாது. நாண் முகத்துக்கு வரணும். தலை ஒரு நூலு முன்னால வந்தாலும் கழுத்து இறுகிடும், தோள் செத்துடும்" என்றார். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். முதலில் முகத்தை நேராக வை, அடையாளத்தை அப்புறம் கட்டு.

கடையில் வாங்கின பட்டன் போடவில்லை. பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை, நாணைச் சுற்றியிருக்கும் காப்பு நூலான சர்விங் மேல் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுச் சின்ன மேடாக்கினோம். நட்டைத் திருகுவதுபோல் திருகினால் சர்விங்கின் புரியில் மேலேயும் கீழேயும் நகர்கிறது. இடம் உறுதியானபின் ஒரு சொட்டு ஃபெவிக்விக். அதுவரை பசை வேண்டாம்.

ஜூலை 29

அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. படித்துறையில் நிற்க இடமில்லை. காதோலை கருகமணி, மஞ்சள், பழம், பூ, எல்லாம் இலையில் வைத்து ஆற்றில் விட்டோம். அப்பாயி எனக்காக என்ன வேண்டிக்கொண்டாள் என்று தெரியும். நான் காற்று நிற்க வேண்டிக்கொண்டேன். எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது பருக்கை வாயிலிருந்து சிந்தவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

50 மீட்டரில் அம்புகள் கீழே விழுகின்றன. முதலில் பயந்துவிட்டேன். சார் நாண் உயரத்தை, வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை, அளந்தார், அது மாறவில்லை. புது நூல் மேடும் பசையும் பழைய வட்டைவிடக் கனமோ என்று சந்தேகம். நாணில் எடை கூடினால் அம்பு கொஞ்சம் மெதுவாகப் போகும். இல்லையென்றால் கிஸ்ஸர் இல்லாமல் என் கை தாடைக்கு அடியில் இன்னும் இறுக்கமாக ஏறுகிறது. எதுவானாலும் எல்லா அம்பும் சேர்ந்து ஒரே இடத்தில் விழுகின்றன. சேர்ந்து விழுந்தால் சைட்டை நகர்த்தினால் போதும். சிதறினால்தான் கவலை.

நகர்த்தினேன்.

ஆகஸ்ட் 6

இடம் வலம் இன்னும் சரியில்லை. மூக்கும் தாடையும் உயரத்தைச் சொல்லிவிடும். பக்கவாட்டைச் சொல்ல நாணின் மங்கல் நிழல்தான் இருக்கிறது, சைட் வளையத்துக்கு வலது ஓரமாக. கண்ணில் நீர் கட்டினால் அந்த நிழல் இரண்டாகிறது. காலை ஆறு மணிக்குக் காற்று எழும் முன் விட்டால் ஒன்றுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 9

விசில். மெல்லிசாக, ஆனால் விசில்தான். தம்பி ஓடி வந்தான்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். கிஸ்ஸர் கழற்றாமல் தனியாக வைத்திருந்த இன்னொரு பழைய நாணை மாட்டி, அந்தக் கிஸ்ஸரோடு ரப்பர் பேண்ட் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். உதட்டில் அது படும் இடம் போன வாரத்திலிருந்து மேலே வந்திருக்கிறது. மூக்கு படும் இடம் இம்மிகூட நகரவில்லை. தம்பி அளவுகோலை வைத்துப் பார்த்து "ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்க்கா" என்றான். 70 மீட்டரில் அது இருபது சென்டிமீட்டர்.

பழைய நாணைச் சுருட்டித் தனியாக வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

இன்று 70 மீட்டர். காற்று மேற்கிலிருந்து, சைட்டை இரண்டு கிளிக் நகர்த்தினேன். முதல் சுற்று ஆறு அம்பும் மஞ்சளுக்குள்ளும் அதை ஒட்டிய சிவப்பிலும். நூல் மேட்டின் ஒரு முனை பிரிய ஆரம்பித்திருக்கிறது. நாளைக்கு ஃப்ளாஸ் வாங்கணும், மெழுகு பூசாதது கிடைத்தால் நல்லது, பசை அதில்தான் ஊறும். மூக்கு மேட்டுக்குச் சரியாக அளந்து இரண்டாவது நாண் ஒன்று தயார் பண்ணணும்.