பால் பைத்தான் (ball python) பாம்புக்கு கீழ என்ன விரிக்கறது?

டொராண்டோல பாம்பு வளக்கற ரெண்டு பேர் சந்திச்சா மொதல்ல எலி வெலையப் பத்தி பொலம்புவாங்க, அடுத்தது பெட்டிங் (bedding), அதாவது கூண்டுக்குள்ள கீழ விரிக்கறது எதுங்கற சண்டைதான். ஆஸ்பென் மரச் சீவலா, சைப்ரஸ் மரத் தூளா, தேங்கா நாரா, பேப்பர் டவலான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என்னைக் கேட்டா பாக்கெட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி பாம்போட ஊரையும் நம்ம ரூமையும் பாக்கணும்.

பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் பக்கத்து பாம்பு. ஆப்பிரிக்கான்னதும் காஞ்ச பூமிதானே, ஈரம் எதுக்குன்னு சிலர் நெனைக்கறாங்க. அது பகல்ல வெட்டவெளியிலயா படுத்திருக்கு? எலி வளை, கரையான் புத்துன்னு எங்கயாவது உள்ள பூந்துக்கும், மேல புல்லு கருகிக் கெடந்தாலும் உள்ள ஈரப்பதம் இருக்கும். அதனால கூண்டுக்குள்ள 60, 70 சதவீதம் வெச்சிருக்கறது நல்லது. இங்க ஜனவரில ஹீட்டர் ஓடற வீட்ல காத்துல ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழ போயிடும், நம்ம ஒதடே வெடிக்குது, அது சட்டை மட்டும் எப்படி ஒழுங்கா உரியும்? சட்டை துண்டு துண்டா பிஞ்சு வந்தா, இல்ல கண்ணை மூடியிருக்கற செதில் உரியாம ஒட்டிக்கிச்சுன்னா, மொதல்ல ஈரத்தைப் பாருங்க. ஆஸ்பென்ல தண்ணி பட்டா பூஞ்சை புடிச்சிடும், அதனால இந்தப் பாம்புக்கு அது தோதுப்படாது.

நான் போடறது காயர் பித், அதாவது தேங்கா நார் எடுத்தப்புறம் மிஞ்சற தூள். பொள்ளாச்சிப் பக்கம் பொறந்தவன் வேற என்ன சொல்வான்னு சிரிக்காதீங்க. ஒரு காலத்துல நார் மில்லுக்கு வெளிய யாருக்கும் வேண்டாம மலையா குவிஞ்சு கெடந்த கழிவு, இங்க பெட் ஷாப்ல கலர் அட்டை சுத்தி காசுக்கு விக்குது, எங்கம்மாவுக்கு போட்டோ அனுப்பினா நம்பவே இல்ல.

கணக்கு போட்டு வாங்குங்க. நாலுக்கு ரெண்டடி கூண்டு, 10 செ.மீ. ஆழம்னா சுமார் 70 லிட்டர் வேணும். பெட் ஷாப்ல விக்கற 650 கிராம் கட்டி ஊறினா 7, 8 லிட்டர்தான் வரும். அதே சரக்கு தோட்டக் கடைல 5 கிலோ பிளாக்கா கெடைக்கும், ஒரே பிளாக் 60 லிட்டருக்கு மேல உப்பும். உரம் கலக்காததா, உப்பு போக கழுவின சரக்கான்னு (பாக்கெட்ல 'லோ ஈசி'ன்னு போட்டிருக்கும்) மட்டும் பாத்து வாங்கிக்கோங்க.

ஊற வைக்கறப்போ பதம் முக்கியம். புட்டுக்கு மாவு பெசர்ற மாதிரிதான், கையில புடிச்சா நிக்கணும், ஒரு வெரலால தட்டினா உதிரணும். தண்ணி சொட்டிச்சுன்னா அதிகம். மேல மேல ஸ்ப்ரே அடிக்கறதை விட்டுட்டு மூலைல தண்ணி ஊத்துங்க, அடில ஈரமா மேல காஞ்சாப்ல இருக்கும். மேல்பக்கமே நசநசன்னு இருந்தா வயித்துச் செதில் அழுகிடும், அப்புறம் கால்நடை டாக்டர்கிட்ட ஓடணும். வெறும் பித் காஞ்சா தூசியா பறந்து ஒதட்டோரம் இருக்கற வெப்பம் உணர்ற குழில அப்பிக்கும், அதுக்குத்தான் நான் தேங்கா மட்டை சிப்ஸ் பாதிக்குப் பாதி கலந்துடுவேன். கூண்டுக்கு அடில ஹீட் மேட் (சூடு குடுக்கற விரிப்பு) வெச்சிருந்தா சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் இல்லாம இருக்கவே கூடாது, பாம்பு தோண்டிக்கிட்டு கண்ணாடி வரைக்கும் போய் படுத்து வெந்துடும்.

சீடர் மரத் தூள் எந்தப் பாம்புக்கும் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பைன் மரத் தூளும் அதே வகைதான்.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒண்ணு. சாரையோ மண்ணுளியோ நம்மூர் பாம்பைப் புடிச்சு வளக்கறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம். பால் பைத்தான் சைட்டிஸ் (வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கறதால மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும். பதிஞ்சு வளக்கறவங்க சென்னை மாதிரி ஊர்ல இருந்தா காத்துலயே ஈரம் இருக்கு, பித்தை இன்னும் கொஞ்சம் காஞ்சாப்ல வெச்சாலே போதும்.

புதுசா வாங்கிட்டு வந்த பாம்புக்கு மட்டும் மொத கொஞ்ச வாரம் வெறும் பேப்பர் டவல். பாக்க நல்லாருக்காது, ஆனா பாம்பு மேல பேன் மாதிரி ஒட்டுண்ணி (மைட்) ஊர்ந்தா கறுப்புப் புள்ளியா பளிச்னு தெரியும், கழிச்சல் எப்படி இருக்குன்னும் தெரியும். கார்ன் ஸ்னேக்ங்கற வேற வகைப் பாம்பு வெச்சிருக்கறவங்க ஆஸ்பென்னே போடுங்க, அது வளை தோண்டினா சரியாம அப்படியே நிக்கும்.