எடிக்கும் ஆம்பருக்கும் இடையே ஒரு ஒப்பந்தம்

2020இல் வெளியான 'டேட்டிங் ஆம்பர்' என்ற ஐரிஷ் படத்தைப் பதின்பருவ நகைச்சுவைப் படம் என்றுதான் எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். சிரிப்புக்கும் அதில் குறைவில்லை. ஆயினும் தன்பாலீர்ப்பை வெளிப்படுத்துவது பற்றிய படங்கள் பெரும்பாலும் ஒரு காதல் கைகூடுவதை நோக்கியே நகரும்போது, இந்தப் படம் இரண்டு பேரின் நட்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் நிற்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

கதை நடப்பது 1995இல், கில்டேர் மாவட்டத்தில் ராணுவ முகாம் அமைந்திருக்கும் கர்ரா சமவெளியில். எடியின் அப்பா ராணுவத்தில் இருக்கிறார்; மகனும் அதே சீருடையை அணியவேண்டும் என்பது வீட்டில் பேசாமலே முடிவான விஷயம். ஆம்பர் தன் அம்மாவோடு ஒரு கேரவன் பூங்காவில், அதாவது சக்கரம் வைத்த வண்டி வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில், வாழ்கிறாள். பள்ளி முடிந்ததும் லண்டனுக்குப் போய்விடவேண்டும் என்று காசு சேர்த்துவருகிறாள். இருவருமே தன்பாலீர்ப்பு உடையவர்கள். வகுப்பில் கிண்டல் எல்லை மீறிப் போகவே, பள்ளிப் படிப்பு முடியும்வரை காதலர்களாக நடித்து ஊர் வாயை மூடிவிடலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்.

எழுதி இயக்கிய டேவிட் ஃப்ரெய்ன் அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர். அவர் 1995ஐத் தேர்ந்தெடுத்ததில் ஆழமான காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்களின்படி, ஆண்களுக்கு இடையிலான உடலுறவு அயர்லாந்தில் குற்றமாகவே இருந்துவந்தது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய டேவிட் நாரிஸ் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1988இல் அந்தச் சட்டங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தும், அவை நீங்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது எடி குற்றவாளி அல்ல என்று சட்டம் ஒப்புக்கொண்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தச் செய்தி அவன் பள்ளித் தாழ்வாரத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை. அதே 1995 நவம்பரில்தான் மணமுறிவை அனுமதிக்கலாமா என்று நாடே வாக்களித்தது. வெறும் 9,114 வாக்குகள் வித்தியாசத்தில் அது நிறைவேறியது. எடியின் பெற்றோரின் மணவாழ்க்கையும் விரிசல் விட்டிருப்பதால், பொய்யான ஜோடி என்பது பிள்ளைகளோடு முடிந்துவிடுவதில்லை என்று படம் போகிற போக்கில் காட்டிவிடுகிறது.

சிறிய படம் என்பது திரையிலேயே தெரிகிறது. பள்ளி, வீடு, கேரவன் பூங்கா, வெட்டவெளி, இடையில் ஒரு டப்ளின் பயணம். இடங்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் திரும்பத் திரும்ப அதே இடங்களைப் பார்க்கும்போது, தப்பிக்க வழியில்லாத சிற்றூரின் நெருக்கடி நமக்கும் பழகிவிடுகிறது. பயிற்சியில் இருக்கும் சிப்பாய்களுக்கு நடுவே தன் போக்கில் சைக்கிளை மிதித்துச் செல்லும் எடியைப் பார்த்ததுமே, இவன் இந்த வேலைக்குப் பிறந்தவன் இல்லை என்று புரிந்துவிடுகிறது. எடியாக வரும் ஃபியன் ஓஷேயின் கண்களில் எப்போதும் ஒரு பதற்றம். ஆம்பராக வரும் லோலா பெட்டிக்ரூ வாயைத் திறந்தாலே வெடிக்கும் கேலி. ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்பி நடித்த ஜோடியை அண்மையில் நான் பார்த்ததில்லை. வகுப்புத் தோழர்கள் மட்டும் ஒரே வார்ப்பில் வந்துபோகிறார்கள். அவர்களில் ஓரிருவருக்காவது இன்னும் கொஞ்சம் சதையும் ரத்தமும் கொடுத்திருக்கலாம்.

டப்ளின் பயணம்தான் படத்தின் திருப்பம். தங்களைப் போன்றவர்கள் கூடும் மதுக்கூடத்தில் ஒரே இரவைக் கழித்துத் திரும்பும்போது, ஆம்பருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அங்கே சந்தித்த சாராவை அவளால் மறக்க முடியவில்லை. எடிக்கோ பயம் கூடியிருக்கிறது. ஆம்பர் தன்னை மறைக்க விரும்பாத நிலைக்கு வந்துவிட, எடி அந்தப் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். ஒரே ரகசியத்தைச் சுமக்கும் இருவர் ஒரே நாளில் அதை இறக்கிவைத்துவிட முடியாது என்பதையும், முந்திக்கொண்டவர் பிந்தியவருக்காகக் காத்திருப்பதில் எவ்வளவு வலி இருக்கிறது என்பதையும் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறு படம் என் நினைவுக்கு வரவில்லை. எடி அவளைப் புண்படுத்தும் இடங்களில் அவன்மேல் கோபம் வருகிறது. அப்போதும் படம் அவனைக் கோழை என்று ஒதுக்குவதில்லை. அவன் அஞ்சுவது எதற்கு என்பது நமக்குத் தெரியும்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எடி ராணுவத்தில் சேரப் புறப்படும் நாளில், லண்டனுக்காகச் சேர்த்துவைத்த பணத்தை ஆம்பர் அவன் கையில் கொடுத்து, ஊரைவிட்டுப் போய்விடச் சொல்கிறாள். பள்ளிக் காலம் முழுவதும் எந்தப் பணத்தை நம்பி அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினாளோ, அந்தப் பணம். தான் இங்கே தாக்குப்பிடித்துவிடலாம், இவனால் முடியாது என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். உடல் ஈர்ப்பு துளியும் இல்லாத இந்த அன்புக்குக் காதல் படங்கள் இரண்டாம் இடம்தான் கொடுக்கும். ஃப்ரெய்ன் அதற்கு முதல் இடம் கொடுத்து, எடியை மீட்கும் பொறுப்பைப் புதிதாக ஒரு காதலனிடம் ஒப்படைக்காமல் ஆம்பரிடமே விட்டிருக்கிறார்.