முட்டை எதில் மிதக்கும்?

தரையில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம். காசிமேட்டுப் பக்கம் நம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் படித்தவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே போதும். நம் முன்னாள் மாணவர் சங்கம் பணம் திரட்டிப் பள்ளிக்கு வளைவு கட்டலாம் என்று பேச்சு வந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன். நாம் படித்த முறை, அதாவது அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்தார்கள். 2007இல் தமிழ்நாடு முழுக்கப் போனது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் நம் இடத்தைப் பார்த்து, அதே படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து நாமே எடுத்துக்கொள்வோம். டீச்சரும் பாயில்தான் உட்கார்ந்திருப்பார். நாம் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கும்.

அட்டைகள் நல்லவைதான். ஆனால் எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் அட்டைகளுக்கு வெளியே செய்தவைதான் எனக்குப் பெரிது.

ஒரு நாள் இரண்டு கண்ணாடிப் பாத்திரம் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கடல் தண்ணீர். "முட்டையைப் போட்டா எதுல மிதக்கும்? போடறதுக்கு முன்னாடியே எழுதணும்" என்றார். வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். கடல் தண்ணியில்தான் மிதக்கும் என்று ஒரே சத்தம். அவரவர் கட்டத்தில் எழுதினோம். முட்டை இரண்டிலும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"டீச்சர், முட்டை கெட்டுப்போச்சு!"

"கெட்ட முட்டைதான்டா மிதக்கும்" என்று சொல்லிவிட்டு, உப்பை எங்கள் கையில் கொடுத்தார். கடல் தண்ணீரில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுக் கலக்கினோம். போட்டுக்கொண்டே இருந்தோம். முட்டை லேசாக அசைந்தது, நிமிர்ந்தது, அப்புறம் மேலே வந்து நின்றது. வகுப்பே எழுந்து கத்தியது. ஒரு லிட்டர் கடல் நீரில் இருப்பது சுமார் 35 கிராம் உப்பு. புது முட்டையைத் தூக்க அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. முதலில் எழுதியதை அழிக்க டீச்சர் விடவில்லை. நடந்ததைப் பக்கத்திலேயே எழுதச் சொன்னார். ஊகித்து, செய்து, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எட்டு வயதில் அப்படித்தான் வந்தது.

ஐஸ் பாடமும் உண்டு. ஒரு துண்டில் உப்பு, ஒரு துண்டு மரத்தூளில். "எங்க நைனா போட்ல ஐஸ் ஏத்துவாரு, எனக்குத் தெரியும்" என்று, வாயே திறக்காத பையன் ஒருவன் அன்று வகுப்பு எடுத்தான். உப்புப் போட்ட துண்டு சீக்கிரம் கரைந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் விரலைக் கடித்தது.

இதெல்லாம் டீச்சரின் கைக்காசு. தொடக்க வகுப்புகளுக்கு அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் செயல்பாடுகள் நிறைய உண்டு, சந்தோஷம். ஆனால் தீர்ந்துபோகிற பொருளுக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டுமே! அதனால் சங்கம் திரட்டும் பணத்தில் வளைவு கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வகுப்புக்கு ஒரு தராசு, அளவுக் குடுவைகள், பூதக்கண்ணாடிகள் வாங்குவோம். உப்பு, முட்டை, ஐஸ் வாங்க மாதாமாதம் ஒரு சிறு தொகையை டீச்சர்கள் கையிலேயே கொடுப்போம். முதல் வருடத்துக்கு சிங்கப்பூரிலிருந்து நான் தருகிறேன். துபாய், மஸ்கட் பக்கம் இருப்பவர்கள் அடுத்த வருடத்துக்குப் பேசி முடிவு சொல்லுங்கள்.