வீடு காட்டப் போகிறவருக்கு எந்த லேப்டாப்?

ஏழாவது மாடியில், பூச்சு வேலை முடியாத ஒரு பால்கனியில் நின்றுகொண்டு, வீடு பார்க்க வந்திருந்த கணவன் மனைவிக்குத் தளவரைபடத்தைக் காட்டுவதற்காக லேப்டாப்பைத் திறந்தேன். முற்பகல் பதினொரு மணி வெயில். திரையில் எங்கள் மூவரின் முகமும் பின்னால் இருந்த வானமும் தெரிந்தன. வரைபடம் மட்டும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கடைசி அளவு வரை கூட்டியும் பயனில்லை. அந்த அம்மா ஒரு கையைத் திரைக்கு மேலே குடைபோல் பிடித்து, குனிந்து, சமையலறையின் அகலம் எழுதியிருந்த இடத்தை விரலால் தேடினார். தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அங்கே நிற்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. எண்ணைப் படிக்க முடியவில்லை. "பரவாயில்லைங்க, போனுக்கு அனுப்பிடுங்க, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கறோம்" என்றார். வீடு காட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாக்கியத்தின் பொருள் தெரியும். வாங்கும் ஆசை உச்சத்தில் இருந்த நிமிடத்தில், ஒரே ஓர் அளவைச் சொல்ல முடியாமல் போனதால், பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அந்த லேப்டாப்பை மோசமான கருவி என்று சொல்ல மாட்டேன். வேகமான ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் சிப், பெரிய திரை என்று எல்லாமே விவரப் பட்டியலில் நன்றாகத்தான் இருந்தன. வாங்கும்போது நான் பார்த்ததும் அந்தப் பட்டியலைத்தான். வீடு, மனை விற்றுக்கொடுக்கும் ஒருவர் தம் லேப்டாப்பை எங்கே, எப்படித் திறக்கிறார் என்பது அதில் இடம்பெறுவதில்லை. மேசையில் வைத்து வேலை செய்யும் நேரம் நமக்கும் உண்டு. ஆனால் காரின் பானெட் மீதும், வெற்று வீட்டின் ஜன்னல் திட்டிலும், ஒரு கையில் தாங்கியபடி நின்றுகொண்டும் திறக்கும் நேரத்தில்தான் வாடிக்கையாளர் நம் பக்கத்தில் நிற்கிறார். ஆகவே இம்முறை தேடத் தொடங்கியபோது ப்ராசஸரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, திரையையும் பேட்டரியையும் முதலில் பார்த்தேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், பார்த்ததை விரிவாக எழுதுகிறேன்.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் குறிப்பிடுகிறார்கள். சாதாரண லேப்டாப்புகளில் 250 முதல் 300 நிட்ஸ் வரை இருக்கும். அறைக்குள் அது போதும். ஜன்னலோரமும் நிழலான வெளியிடமும் என்றால் 400 நிட்ஸாவது வேண்டும். 500 இருந்தால் பகல் வெளிச்சத்தில் நிம்மதியாகக் காட்டலாம். நேர் வெயிலில் எந்தத் திரையும் திணறத்தான் செய்யும். எண்ணுக்கு நிகராக முக்கியமானது திரையின் மேற்பரப்பு. பளபளப்பான திரை வண்ணங்களை எடுப்பாகக் காட்டினாலும் எதிரிலிருக்கும் எல்லாவற்றையும் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். மேட் பூச்சுள்ள திரையில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. என் பழைய திரை 250 நிட்ஸ், அதிலும் பளபளப்பு வகை. கடையில் எல்லாத் திரையும் நன்றாகத்தான் தெரியும், ஏனெனில் அங்கே ஓடுவது அதற்கென்றே எடுத்த வண்ணமயமான காணொளி. நான் ஒரு பென் டிரைவில் மெல்லிய கோடுகளும் சிறிய எண்களும் நிறைந்த தளவரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், சார்ஜரைக் கழற்றச் சொல்லி, லேப்டாப்பை வாசல்வரை கொண்டுவந்து பார்த்தேன். சார்ஜரைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு: பேட்டரிக்கு மாறியவுடன் வெளிச்சத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் லேப்டாப்புகள் பல.

வெளிச்சத்தோடு வண்ணத்தையும் பார்க்க வேண்டும் என்பதை ஒரு படத்தால் கற்றுக்கொண்டேன். வெளிர் சந்தன நிறச் சுவர்கள் கொண்ட ஒரு கூடத்தைப் படமெடுத்து, பழைய லேப்டாப்பில் திருத்தினேன். திரையில் சுவர் வெளிறிப்போய்த் தெரிந்ததால் வண்ணத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதே படம் மற்றவர்களின் போனில் மாம்பழ மஞ்சளாகப் போய்ச் சேர்ந்தது. பார்க்க வந்தவர் கூடத்தின் நடுவில் நின்று, போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது வேற வீடா?" என்று கேட்டார். படத்தை நம்பி வந்தவருக்கு வீட்டின் மீதும் சந்தேகம் வந்துவிட்டது. விவரப் பட்டியலில் 45 சதவீத என்டிஎஸ்சி (வண்ண வீச்சைக் குறிக்கும் ஓர் அளவுகோல்) என்று போட்டிருந்தால், இணையப் படங்களுக்கு அடிப்படையான எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அந்தத் திரை சரியாகக் காட்டாது என்று பொருள். நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி என்று குறிப்பிட்டிருக்கும் திரையே படம் திருத்துகிறவருக்கு ஏற்றது. நம்மில் பெரும்பாலோர் தாங்களே படமெடுத்துத் தாங்களே திருத்திப் பதிவேற்றுகிறவர்கள் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அளவைப் பொறுத்தவரை 14 அங்குலம் எனக்குச் சரியாகப் பட்டது. 15.6 அங்குல லேப்டாப் பெரும்பாலும் 1.7 கிலோவுக்கு மேல் வருகிறது. சார்ஜரையும் சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். லிஃப்ட் ஓடாத புதுக் கட்டடத்தில் சாவிக்கொத்து, அளவு நாடா, கோப்பு எல்லாவற்றோடும் படியேறும்போது அரைக் கிலோ வித்தியாசம் தோளில் தெரியும். பழைய 16:9 விகிதத் திரைக்குப் பதிலாக 16:10 விகிதத் திரையைத் தேர்ந்தெடுத்தால், அதே அகலத்தில் உயரம் சற்றுக் கூடுகிறது. ஒப்பந்தத்தின் பக்கங்களைப் படிக்கையில் ஒவ்வொரு பக்கத்திலும் சில வரிகள் கூடுதலாகத் தெரிவது நாள் முழுவதும் பெரிய ஆறுதல். அலுவலகத்தில் பெரிய திரை வேண்டுமென்றால் தனி மானிட்டரை இணைத்துக்கொள்ளலாம்.

பேட்டரிக்கு வருகிறேன். நம் தொழிலில் இதற்குத் தனி முக்கியத்துவம் இருப்பதற்குக் காரணம், நாம் காட்டும் இடங்களில் பல நேரம் மின்சாரமே இருப்பதில்லை. கட்டி முடியாத கட்டடத்துக்கு இணைப்பு வந்திருக்காது. நெடுநாள் பூட்டிக்கிடக்கும் வீட்டில் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். வெற்று மனையில் மரநிழல் கிடைத்தாலே பெரிது. விளம்பரத்தில் வரும் பதினெட்டு மணி நேரம், இருபது மணி நேரம் என்பவை பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில் காணொளி ஓடவிட்டு அளந்தவை. பார்க்க வேண்டிய எண் வாட்-ஹவர், அதாவது பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு. 60 வாட்-ஹவர் பேட்டரி, சராசரியாக 10 வாட் இழுக்கும் லேப்டாப்பை ஆறு மணி நேரம் தாங்கும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையமும் பயன்படுத்தினால் இழுப்பு கூடும், நேரம் அதற்கேற்பக் குறையும். ஆகவே சொல்லும் நேரத்தில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப்பையே வாங்குங்கள். ஒரே சார்ஜர் போனுக்கும் லேப்டாப்புக்கும் ஆகும், காரில் செருகும் சார்ஜரும் பவர் பேங்கும் கைகொடுக்கும். ஆனால் போனுக்கு வாங்கிய சாதாரண பவர் பேங்க் லேப்டாப்பை ஏற்றாது. பவர் டெலிவரி என்ற வசதியோடு 45 வாட்டோ 65 வாட்டோ தரக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றொன்று, வீடு காட்ட இறங்கும்போது லேப்டாப்பை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மூடிய காரின் உட்புறம் அதைச் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடும். லித்தியம் பேட்டரியின் ஆயுளை வெப்பம் வெகுவாகக் குறைத்துவிடும். பையோடு தோளில் மாட்டிக்கொண்டு இறங்கக்கூடிய எடையில் வாங்கினால் இந்தச் சிக்கலே எழாது என்பதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ப்ராசஸர். இருபது முப்பது டேப் திறந்த பிரவுசர், விலைப்பட்டியல், பிடிஎஃப் கோப்புகள், வாட்ஸ்அப், ஒரு வீடியோ அழைப்பு ஆகியவை ஒரே நேரத்தில் ஓடுவதே நம் வேலையின் உச்சபட்சச் சுமை. அண்மைக் காலத்து நடுத்தர ப்ராசஸர் எதுவும் இதைத் தாங்கும். முப்பரிமாணச் சுற்றுக்காட்சி செய்கிறோமே, அதற்குச் சக்திவாய்ந்த கிராபிக்ஸ் வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மேட்டர்போர்ட் போன்ற சேவைகளில் படங்களைச் சேர்த்து மாதிரியை உருவாக்கும் வேலை அவர்களுடைய சர்வரில் நடக்கிறது. நம் லேப்டாப் அதைப் பிரவுசரில் திறந்து காட்டினால் போதும். ட்ரோன் காணொளியைத் தாமே வெட்டி ஒட்டித் தயாரிப்பவர்களுக்கு மட்டும் என் கணக்கு பொருந்தாது. அவர்கள் கூடுதல் எடையை ஏற்றுக்கொண்டு சக்தி கூடிய கருவியை வாங்குவதே சரி.

திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேமில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. 16 ஜிபி வாங்கிவிட்டால் ஐந்து ஆண்டுகள் யோசிக்க வேண்டியதில்லை. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மாடல்களில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் 512 ஜிபியில் தொடங்கலாம். போனில் 4கே தரத்தில் நொடிக்கு 60 ஃப்ரேம் வீதம் எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி ஆகிறது. பத்து நிமிட வீட்டுச் சுற்றுக்கு 4 ஜிபி. மாதத்துக்குப் பத்து வீடு என்றால், விற்றுப்போன வீடுகளின் காணொளிகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றும் பழக்கமும் வேண்டியிருக்கும்.

பழைய லேப்டாப்பை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸரும் தேவை. விலை குறைவாகக் கிடைக்கும் பல பழைய மாடல்கள் இந்த இடத்தில் அடிபட்டுப்போகும். ஸ்நாப்டிராகன் சிப்புள்ள புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பேட்டரியில் சிறப்பாக இருக்கின்றன, ஆனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ (மின்னணுக் கையொப்பமிட லேப்டாப்பில் செருகும் சிறு கருவி) பழைய பிரிண்டரோ பயன்படுத்துகிறீர்கள் என்றால் அவற்றுக்கு அந்தச் சிப்புக்கான டிரைவர் (கருவியை லேப்டாப்போடு இணைத்து இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு வகைச் சிப்புகளுக்கு எழுதிய சாதாரண மென்பொருள்களை இதில் மாற்றி ஓட்டும் வசதி டிரைவர்களுக்கு உதவாது. மேக்புக் வாங்க நினைப்பவர்களும் தங்கள் டோக்கன் மேக்கில் வேலை செய்யுமா என்பதை இதேபோல் விசாரிப்பது நல்லது.

இந்தப் பதிவில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்து வருவதைத்தான். ஒருமுறை வாங்குபவருக்கு வீட்டின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரையின் வலது மூலையில் ஒரு செய்தி எழும்பியது. அந்த வீட்டின் உரிமையாளர் தம்முடைய கடைசி விலையை எழுதி அனுப்பியிருந்தார். நான்கு நொடி அந்த எண் அங்கே நின்றது. பக்கத்தில் இருந்தவர் படித்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த எண்ணுக்கு மேல் ஒரு படி ஏறவில்லை. உரிமையாளர் என்னை நம்பிச் சொன்ன ரகசியம் அது, காப்பாற்றும் கடமை என்னுடையது. அன்று மாலையே வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கென்று லேப்டாப்பில் தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கினேன். அதில் செய்திச் செயலிகள் இல்லை, மின்னஞ்சல் இல்லை. வரைபடமும் படங்களும் மட்டுமே உண்டு.

அதோடு, நம் லேப்டாப்பில் எத்தனை பேரின் அடையாள ஆவணங்கள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், சொத்துப் பத்திர நகல்கள் கிடக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஓர் உணவகத்தில் பையை மறந்துவிட்டு எழுந்தால் அத்தனை பேரின் வாழ்க்கையும் அங்கே கிடக்கிறது. விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கரும் மேக்கில் ஃபைல்வால்ட்டும் டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கின்றன. விண்டோஸ் ஹோமிலும் பல கருவிகளில் எளிய குறியாக்க வசதி இருக்கிறது. அதை இயக்கி, பூட்டிய டிஸ்க்கைத் திறக்க உதவும் மீட்புச் சாவியை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். விரல்ரேகை உணரி உள்ள மாடலாக இருந்தால், வாடிக்கையாளரின் கண் முன்னால் கடவுச்சொல் தட்ட வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியூரில் இருப்பவருக்கு வீடியோ அழைப்பில் பேச 1080பி கேமரா வேண்டும். 720பி மங்கலாகத்தான் இருக்கும். ராணுவத் தர நீடித்துழைப்பு என்று போட்டிருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே நடத்திய சோதனை. அதை நம்பிக் கீழே போட்டுப் பார்க்க வேண்டாம். திரை முழுவதும் மடங்கிப் பேனாவால் கையெழுத்து வாங்கும் வகை லேப்டாப் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பளபளப்பான தொடுதிரையோடு வருவதால் நான் அதை விட்டுவிட்டேன். உத்தரவாதத்தில், பழுது பார்ப்பவர் நம் இடத்துக்கே வரும் திட்டம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் ஆவணங்களோடு கருவியைச் சேவை மையத்தில் ஒரு வாரம் விட்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியில் நான் எடுத்தது 14 அங்குல, 16:10, மேட் பூச்சுள்ள 400 நிட்ஸ் திரை; 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, எடை 1.3 கிலோ. 500 நிட்ஸ் திரையுள்ள இன்னொரு மாடலையும் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் பேட்டரி 45 வாட்-ஹவர்தான் என்பதால், 60 வாட்-ஹவர் உள்ள இதற்கே முடிவு செய்தேன். கேமரா கார்டு செருகும் இடம் இதில் இல்லை. சிறிய கார்டு ரீடர் ஒன்றைச் சாவிக்கொத்திலேயே கோத்துவைத்திருக்கிறேன்.