கொழும்பு 24 பைட்டா, 27 பைட்டா: ஓர் இணைய நெறிமுறை வரைவை மதிப்பாய்வு செய்த அனுபவம்

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரே வலையமைப்பில் இருக்கும் அச்சுப்பொறி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி போன்ற சாதனங்கள் ஒன்றையொன்று கண்டறிந்து, உரிமையாளர் சூட்டிய பெயரோடு தம்மை அறிவித்துக்கொள்வதற்கான ஒரு நெறிமுறையின் வரைவைக் கடந்த ஆண்டு மதிப்பாய்வு செய்தேன். ஐ.ஈ.ரி.எஃப் எனப்படும் இணையப் பொறியியல் பணிப்படையின் பணிக்குழு ஒன்றில் அந்த வரைவு உருவாகிக்கொண்டிருந்தது. கொழும்பில் வலையமைப்புப் பொறியியலாளராக இருக்கும் எனக்கு ஆர்.எஃப்.சி எனப்படும் முடிவான நெறிமுறை ஆவணங்கள் வேலைத்தேவைக்கு எடுத்துப் படிக்கும் நூல்கள். அவை எழுதப்படும் கட்டத்திலேயே நாமும் உள்ளே சென்று வாக்கியங்களை மாற்றச் சொல்லலாம் என்பது இங்குள்ள தமிழ்ப் பொறியியலாளர்களில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் பாதை எப்படி இருக்கும், எங்கே கடினமாகும் என்பதை இந்த ஒரு வரைவை வைத்தே சொல்கிறேன்.

ஐ.ஈ.ரி.எஃப் 1986 ஜனவரியில் சான் டியேகோவில் தன் முதற் கூட்டத்தை நடத்தியது. அதில் உறுப்புரிமை என்று ஒன்று இல்லை, நாட்டின் பிரதிநிதியாகவோ நிறுவனத்தின் பிரதிநிதியாகவோ எவரும் அமர்வதில்லை, பணிக்குழுக்களில் வாக்கெடுப்பும் இல்லை. வரைவை எவரும் இறக்கிப் படிக்கலாம், பணிக்குழுவுக்கு மின்னஞ்சலில் கருத்து அனுப்பலாம். ஒவ்வொரு வரைவும் 00 என்ற இலக்கத்தில் தொடங்கிப் பதிப்புப் பதிப்பாக வளரும். புதுப்பிக்கப்படாத வரைவு 185 நாட்களில் காலாவதியாகிவிடும். எத்தனை பதிப்புகள் தேவைப்படலாம் என்பதற்கு, இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் குவிக் நெறிமுறை நல்ல சான்று. 2016இல் பணிக்குழு அமைக்கப்பட்டு, அதன் அடிப்படை ஆவணம் 34ஆம் இலக்க வரைவு வரை திருத்தப்பட்ட பின்னரே 2021 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி 9000 ஆக வெளிவந்தது.

முதல் மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அங்கே நாம் எழுதுவதும் பேசுவதும் எல்லாம் பங்களிப்பாகக் கொள்ளப்படும். நாம் முன்மொழியும் நுட்பத்தின் மீது நமக்கோ நம் நிறுவனத்துக்கோ காப்புரிமை இருப்பது நமக்குத் தெரிந்தால் அதை வெளிப்படுத்தும் கடமையும் கூடவே வருகிறது. பி.சி.பி 79 என்ற ஆவணம் இதை வகுத்துள்ளது. ஆகவே என் மேலாளரிடம் பேசி, தனிப்பட்ட முறையில் பங்கேற்பதற்குத் தடையில்லை என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டேன். இளம் பொறியியலாளர்கள் இந்தப் படியைத் தவிர்க்காமல் இருப்பது நல்லது.

வரைவைப் படிக்கும் முறை சாதாரண வாசிப்பிலிருந்து வேறுபட்டது. “மஸ்ட்”, “ஷுட்”, “மே” என்று பெரிய எழுத்தில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி 2119 திட்டவட்டமான பொருள் தந்திருக்கிறது. பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்பதை 2017இல் ஆர்.எஃப்.சி 8174 தெளிவாக்கியது. “மஸ்ட்” என்றால் விலக்கு இல்லை. “ஷுட்” என்றால், குறிப்பிட்ட சூழலில் தகுந்த காரணம் இருந்து, விளைவுகளை முழுமையாக எடைபோட்ட பிறகு மட்டுமே விலகலாம். “மே” என்றால் செய்வதும் விடுவதும் நம் விருப்பம். இந்தச் சொற்கள் வந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று, இதை மீறும் சாதனம் ஒன்று எதிரே வந்தால் என் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று வரைவு சொல்கிறதா எனப் பார்த்தேன். பிறகு வேறெந்த ஆவணத்தையும் திறக்காமல், வரைவின் வாசகத்தை மட்டும் நம்பிப் பைத்தான் கணினி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். நான் சொந்தமாக ஒரு முடிவை எடுக்க நேர்ந்த ஒவ்வோர் இடமும் வரைவில் உள்ள ஓட்டை என்று குறித்துக்கொண்டேன். ஏனென்றால் அதே இடத்தில் இன்னொரு நாட்டில் இருக்கும் பொறியியலாளர் வேறு முடிவை எடுப்பார். இரண்டு சாதனங்களும் தத்தம் வழியில் நெறிமுறையைப் பின்பற்றியும் ஒன்றோடொன்று பேசாது. மதிப்பாய்வுக்கு இதைவிடச் சிறந்த கருவி எதையும் நான் காணவில்லை. நிரல் எழுதாமல் படித்தபோது நேர்த்தியாகத் தெரிந்த பத்திகளே நிரலில் முதலில் இடறின.

பெரும்பாலான ஓட்டைகள் சிறியவை. நேரமீறலின்போது எத்தனை முறை மீண்டும் அனுப்புவது, தெரியாத புலம், அதாவது தகவற் கூறு, வந்தால் செய்தியைக் கைவிடுவதா புலத்தை மட்டும் தாண்டிச் செல்வதா போன்றவை. ஆசிரியர்கள் அவற்றை உடனே ஏற்றுத் திருத்தினார்கள். பெயர்ப் புலம்தான் உண்மையான சிக்கல்.

வரைவு சொன்னது இவ்வளவே: பெயர், எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யு.ரி.எஃப்-8 குறிமுறையில் இருக்க வேண்டும், 63 பைட்டுக்கு மேற்படக் கூடாது, இரு பெயர்கள் பைட்டுக்குப் பைட் ஒத்திருந்தால் அவை ஒன்றே. 63 என்ற எல்லை இணையப் பெயர்களைக் கையாளும் டி.என்.எஸ் அமைப்பிலிருந்து வருவது, அதை மாற்ற முடியாது. ஆனால் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் யுனிக்கோட் தரும் ஒவ்வொரு குறியெண்ணும் யு.ரி.எஃப்-8இல் மூன்று பைட் எடுக்கும். இப்போது கொழும்பு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, அரவு என்ற இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். முதலாவது முறையில் கொழும்பு எட்டுக் குறியெண், 24 பைட். இரண்டாவது முறையில் ஒன்பது குறியெண், 27 பைட். திரையில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. இலங்கையில் பரவலாக உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையில் கொம்பை முதலில் அழுத்தி, மெய்யை அழுத்தி, அரவை அழுத்துகிறோம். இவற்றை ஒன்றாக்குவதா இரண்டாகவே விடுவதா என்பது தட்டெழுதும் மென்பொருளைப் பொறுத்தது. ஆகவே கொழும்பின் வெள்ளவத்தையில் ஒருவர் தன் கணினியில் சூட்டிய பெயரை, அதே வீட்டில் இன்னொருவர் கைத்தொலைபேசியில் தட்டெழுதித் தேடினால், வரைவின்படி அவை வேறு பெயர்கள்; சாதனம் கிடைக்காது. என் நிரலில் இதைச் செய்து பார்த்தபோது அப்படியே நடந்தது.

வெட்டுவதில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. “வெள்ளவத்தை வீட்டு அச்சுப்பொறி” என்று பெயர் சூட்டினால் 83 பைட் வரும். அதையே ஆங்கில எழுத்தில் “வெள்ளவத்தை ஹவுஸ் பிரின்டர்” என்று எழுதினால் 24 பைட் போதும். எல்லையைத் தாண்டிய பெயரை என்ன செய்வதென்று வரைவு சொல்லவில்லை. 63ஆம் பைட்டில் நேராக வெட்டினால், “அச்சு” என்பதன் உகரக் குறியின் மூன்று பைட்டுகளில் முதலாவது மட்டும் தனியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அது செல்லாத யு.ரி.எஃப்-8, கண்டிப்பான ஒரு பெறுநர் முழுச் செய்தியையும் நிராகரித்துவிடும். அந்த ஒரு பைட்டை நீக்கினாலும் பெயர் “வெள்ளவத்தை வீட்டு அச்ச” என்று நிற்கும். குறியெண் எல்லையில் வெட்டுவது கணினிக்குப் போதும். படிக்கும் மனிதருக்குப் போதாது.

கருத்துகளைக் கேட்கும் கடைசிக் கட்டமான, பணிக்குழு அளவிலான இறுதி அழைப்பு அறிவிக்கப்பட்டபோது என் மதிப்பாய்வை அனுப்பினேன். அங்குள்ள அனுபவமிக்க மதிப்பாய்வாளர்கள் பெரிய பிரச்சினைகள், சிறிய பிரச்சினைகள், எழுத்துத் திருத்தங்கள் என்று பிரித்து எழுதுவார்கள். நானும் அந்த ஒழுங்கையே பின்பற்றினேன். ஒவ்வொரு பெரிய பிரச்சினைக்கும் கீழே, வரைவின் எந்தப் பகுதியில் எந்த வாக்கியத்துக்குப் பதிலாக எந்த வாக்கியம் வர வேண்டும் என்பதை முழுமையாக எழுதிக் கொடுத்தேன். இதைச் செய்யாத கருத்துகள் பல, ஆசிரியர்களுக்கு நேரம் இல்லாத காரணத்தாலேயே வீணாகின்றன. தமிழ் தெரியாத ஒருவர் பைட்டுகளை எண்ணிப் பார்த்தே புரிந்துகொள்ளும்படி, பெயர்களின் பதின்அறும எண் வடிவத்தையும் இணைத்திருந்தேன்.

பெயர்களைச் சரிசெய்வது செயலி மென்பொருளின் வேலை, நெறிமுறையின் வேலையல்ல என்பது முதலில் வந்த மறுப்பு. அதற்கு நான் 1998இல் வெளியான ஆர்.எஃப்.சி 2277ஐ முன்வைத்தேன். பன்மொழி விடயத்தைத் தொடும் எந்த ஆவணமும் தன் அணுகுமுறையைத் தனிப் பகுதியொன்றில் தொகுத்துச் சொல்ல வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. நம் வரைவில் அப்படியொரு பகுதியே இருக்கவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. மின்குமிழ் போன்ற மிகச் சிறிய சாதனங்களைச் செய்யும் ஒருவர், நான் கேட்டபடி பெயரை ஒரே வடிவத்துக்கு மாற்றும், அதாவது இயல்பாக்கும், யுனிக்கோட் அட்டவணைகளைத் தன் மின்னணுச் சில்லில் வைக்க நினைவகம் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. நான் எழுதிய வாசகம் எல்லாச் சாதனங்களையும் ஒரே தட்டில் வைத்திருந்தது.

இணையவழி இடைக்கூட்டமொன்றில் இது விவாதிக்கப்பட்டது. உலக நேரம் 17 மணிக்குத் தொடங்கும் கூட்டம் கொழும்பில் இரவு 10.30க்குத் தொடங்குகிறது. ஆசியாவிலிருந்து பங்கேற்பவர்கள் குறைவாக இருப்பதற்கு இந்த நேரமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன், அதை இன்னும் வலுவாக அங்கே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் கருதுகிறேன். என்றாலும் கூட்டம் நடத்தப்பட்ட விதம் எனக்கு மிகுந்த மதிப்பைத் தந்தது. 2014இல் வெளியான ஆர்.எஃப்.சி 7282, பெரும்பான்மையை எண்ணுவது கருத்தொருமை ஆகாது என்றும், எழுப்பப்பட்ட ஆட்சேபங்கள் ஆராயப்பட்டுப் பதிலளிக்கப்பட்டனவா என்பதே கேள்வி என்றும் விளக்குகிறது. ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் கருத்தொருமை இருக்கக்கூடும் என்று சொல்லும் அளவுக்கு அது செல்கிறது. தமிழ் எழுத்தைப் பற்றிப் பேச அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எவரும் இல்லை. அப்படியிருந்தும், இத்தனை பேரில் ஒருவருக்குத்தான் இந்தப் பிரச்சினை என்று சொல்லி எவரும் அதை ஒதுக்கவில்லை. பிரச்சினை உண்மையானதா, தீர்வு செயற்படுத்தக்கூடியதா என்பதை மட்டுமே பேசினார்கள்.

தீர்வை முன்மொழிந்தவர் மறுப்புச் சொன்ன அதே மின்குமிழ்ப் பொறியியலாளர். எந்தச் சாதனத்தில் பாவனையாளர் பெயரைத் தட்டெழுதுகிறாரோ, அந்தச் சாதனமே, பெரும்பாலும் கைத்தொலைபேசியே, பெயரை, பிரித்து எழுதிய குறிகளை ஒன்றுசேர்க்கும் என்.எஃப்.சி என்ற யுனிக்கோட் வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும். மின்குமிழ் கிடைத்த பைட்டுகளை அப்படியே வைத்திருந்தால் போதும். பெயரைத் தேடும் சாதனமும் ஒப்பிடுவதற்கு முன் தன் பக்கத்தில் இயல்பாக்க வேண்டும். இவ்விரண்டும் “மஸ்ட்” ஆயின. என்.எஃப்.சி வடிவத்தில் கொழும்பு எப்போதும் 24 பைட்தான். குறியெண்ணின் நடுவே வெட்டக் கூடாது என்பதும் “மஸ்ட்” ஆயிற்று. முழு எழுத்தின் எல்லையில் வெட்டுவது “ஷுட்” என்ற அளவில் நின்றது. எழுத்தெல்லை விதிகள் யுனிக்கோட் பதிப்புகளுக்கிடையே மாறக்கூடியவை, இயல்பாக்கத்துக்கு இருக்கும் நிலைப்பேற்று உறுதி அவற்றுக்கு இல்லை என்ற வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அந்த இடத்தில் “மஸ்ட்” வேண்டும் என்றே இன்றும் விரும்புகிறேன், ஆனாலும் பணிக்குழுவின் முடிவு நியாயமானது.

பிறகு வரைவு ஐ.ஈ.ரி.எஃப் முழுவதற்குமான இரண்டு வார இறுதி அழைப்புக்குச் சென்றது. பாதுகாப்பு, இயக்கம் போன்ற துறைகளின் மதிப்பாய்வாளர்கள் தனித்தனியே படித்தார்கள். இறுதி ஒப்புதல் தரும் வழிநடத்தும் குழுவின் வாக்குச்சீட்டில், அதன் உறுப்பினரான ஒரு துறை இயக்குநர் “டிஸ்கஸ்” என்ற ஆட்சேபத்தை இட்டார். அது இட்டவர் நீக்கும் வரை ஆவணம் நகராது. ஒரே தோற்றமுள்ள பெயர்களால் ஏமாற்ற முடியாதா என்பது அவரது கேள்வி. எனக்கு அது எதிர்பார்த்த கேள்வி. கௌரி என்ற பெயரை ஔகாரக் குறியோடு எழுதினால் நான்கு குறியெண். ககர எகரத்தையும் தனி ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால் ஐந்து. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் இரண்டாவதில் இருப்பது உண்மையான ளகர எழுத்து என்பதால் என்.எஃப்.சி அவற்றை ஒன்றாக்காது. ஆசிரியர்கள் என்னிடம் கேட்க, பாதுகாப்புப் பகுதிக்காக ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்: பெயர் காட்சிக்கு மட்டுமே உரியது, சாதனத்தை அடையாளங்காண அதை நம்பக் கூடாது, அடையாளம் மறைகுறியீட்டுச் சாவியால் உறுதிசெய்யப்பட வேண்டும். சில சொற்கள் மாறி அந்தப் பத்தி ஏற்கப்பட்டது; “டிஸ்கஸ்” நீக்கப்பட்டது.

ஆவணம் இப்போது ஆர்.எஃப்.சி பதிப்பாசிரியரின் வரிசையில் இருக்கிறது. அது சார்ந்திருக்கும் இன்னொரு வரைவு முடிவடையாததால் காத்திருக்கிறது. கடைசியில் ஆசிரியர்களுக்கு வரும் சரிபார்ப்புக் கட்டத்துக்கு 48 மணி நேரம் என்ற பெயரிலேயே அவகாசம் குறிக்கப்பட்டிருந்தாலும், நடைமுறையில் அது வாரக்கணக்கில் நீளுவது வழக்கம்.

ஔகாரச் சிக்கல் எல்லா நெறிமுறைகளையும் தொடுவதால், அதைப் பற்றி மட்டும் பேசும் தனி வரைவொன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சான்றுகள் தேவை. உங்களிடம் இருக்கும் றவுட்டர், அச்சுப்பொறி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குத் தமிழில் நீளமான பெயரொன்றைச் சூட்டி, இன்னொரு சாதனத்தில் அது எப்படித் தெரிகிறது, எந்த எழுத்தில் வெட்டுப்படுகிறது, வேறு விசைப்பலகையில் தட்டெழுதித் தேடினால் கிடைக்கிறதா என்பவற்றைக் குறித்துவையுங்கள். சாதனத்தின் வகை, அதன் மென்பொருட் பதிப்பு, பயன்படுத்திய விசைப்பலகை, முடியுமானால் பெயரின் பைட் வடிவம் ஆகியவை இருந்தால், அந்தக் குறிப்பைப் பணிக்குழுவின் முன் அப்படியே வைக்கலாம்.